பல்வலி தானா நின்னுடுச்சா? அப்போதான் கவனிக்கணும்!

இந்த இதழுக்கு பேட்டரி பத்தி எழுதித் தர்றேன்னு எடிட்டர்கிட்ட சொல்லியிருந்தேன். நடுவுல எங்க வீட்டுல ஒரு விஷயம் நடந்துபோச்சு. அதனால தலைப்பை மாத்திக்கிட்டேன். பேட்டரி அடுத்த இதழுக்கு.

எங்க அம்மா சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலையில சரம் பின்னுறாங்க. எவ்வளவு பின்னுறாங்களோ அவ்வளவுக்குத்தான் கூலி. போன ஆவணி மாசம் அவங்களுக்குக் கீழ்க் கடவாய்ப் பல்லுல வலி ஆரம்பிச்சது. டீ குடிச்சா சுருக்குனு இழுக்கும். ராத்திரி படுத்தா இன்னும் அதிகமாகும், எழுந்து உட்கார்ந்துக்குவாங்க. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா"ன்னு சொன்னா, "சீசன் நேரம்யா, தீபாவளி முடியட்டும்" என்பதுதான் பதில். கிராம்பு, உப்புத் தண்ணி, மெடிக்கல்ல வாங்குன மாத்திரைன்னு நாள் ஓடுச்சு. பத்து நாள் இருக்கும், வலி சுத்தமா நின்னுபோச்சு. "பாத்தியாய்யா, தானா சரியாப் போச்சு" என்றார்கள். நானும் நம்பினேன். பொறியியல் படிக்கிறவன் நம்பியிருக்கக் கூடாது. காரணம் என்னன்னு தெரியாம ஒரு கோளாறு தானா மறைஞ்சா, லேப்ல நாம அதை நம்புவோமா?

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது காலையில எந்திரிச்சா ஒரு பக்கக் கன்னமும் தாடைக்குக் கீழேயும் வீங்கியிருந்தது. வாயை ஒரு விரல் அளவுக்கு மேல திறக்க முடியல. காய்ச்சல் வேற. ஆஸ்பத்திரியில சேர்த்து, சீழை வெளியேத்தி, பல்லையும் எடுத்து, வீட்டுக்கு வர மூணு நாள் ஆச்சு. அங்கே டாக்டர் எங்களைத் திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "வலி வந்த அன்னைக்கு வராட்டியும் பரவாயில்லை, வலி நின்ன அன்னைக்காவது வந்திருக்கணும்."

இந்த வாக்கியம் எனக்கு அப்போ புரியல. புரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பல்லுக்கு வெளியே இருக்கிற எனாமல்தான் நம்ம உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். அதில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை எனாமலை அரிக்கும் வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. இதை முதலில் மனசில் வைங்க. பல்லில் பிரச்சினை ஆரம்பிக்கும்போது வலி இருக்காது. எனாமலுக்கு உள்ளே டென்டின். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைய. சொத்தை அங்கே போய்ச் சேர்ந்ததும் ஐஸ்கிரீம் கூசும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கூசும். வாயை மூடினால் சில விநாடியில் அடங்கிடும். இந்தக் கட்டத்தில் போனீங்கன்னா பெரும்பாலும் ஒரு அடைப்போட வேலை முடிஞ்சிடும். ஒரே தடவை, அரை மணி நேரம்.

அதுக்கும் உள்ளே இருப்பது பல்கூழ். நரம்பும் ரத்தக் குழாயும் அங்கேதான் இருக்கு. நம்ம பாஷையில் சொன்னா இது ரிலீஃப் வால்வு இல்லாத பிரஷர் குக்கர். கையில் அடிபட்டால் சதை வீங்க இடம் இருக்கு. பல்கூழ் வீங்கினா நாலு பக்கமும் கெட்டிச் சுவர். விரிய இடமே இல்லை, அழுத்தம் மட்டும் ஏறும். அதனால்தான் அந்த வலி அப்படி 'விண் விண்'ணு தெறிக்குது. படுத்தா தலைக்கு ரத்தம் கூடுதலா வருது, அழுத்தமும் ஏறுது. அம்மா ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தது அதனால்தான்.

ஜில்லுனு குடித்த கூச்சம் சில விநாடியில் போனால் பல்கூழ் இன்னும் தப்பிக்க வாய்ப்பு இருக்கு. சூடா குடிச்சதும் வலி வந்து, குடிச்சு முடிச்சும் நிமிஷக்கணக்கில் நின்னா, எதுவும் சாப்பிடாமலே தானா வந்தா, தூக்கத்தைக் கெடுத்தா, பல்கூழ் செத்துக்கிட்டு இருக்குன்னு வெச்சுக்கலாம். இந்தக் கட்டத்தில் ரூட் கேனல் செஞ்சா பல்லைக் காப்பாத்தலாம்.

கடைசியில் அந்த நரம்பு செத்துப்போகும். செத்த நரம்பு வலியைச் சொல்லாது. வலி நின்னுடும்! நாம கிராம்புக்கு நன்றி சொல்லிட்டு வேலைக்குப் போயிடுவோம். உள்ளே கிருமி மட்டும் வேர் நுனி வழியா எலும்புக்கு இறங்கிக்கிட்டே இருக்கும். சிலருக்கு ஈறில் சின்னக் கொப்புளம் மாதிரி வந்து, உடைஞ்சு, மறுபடி வரும். வாயில் கெட்ட ருசி தட்டும். அந்தப் பல்லில் கடிச்சா மட்டும் லேசா வலிக்கும், பல் கொஞ்சம் உயரமா இருக்கிற மாதிரி தோணும். சாத்தூர் காராச்சேவை உங்களை அறியாமலே இன்னொரு பக்கத்தில் போட்டு மெல்ல ஆரம்பிச்சிருப்பீங்க. எந்தப் பக்கம் மெல்லுறீங்கன்னு இன்னைக்கு சாப்பிடும்போது கவனிச்சுப் பாருங்க. ஒரே பக்கம்தான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்.

மாத்திரை விஷயத்தையும் இங்கேயே சொல்லிடறேன். மெடிக்கல்ல கேட்டு வாங்குற ஆன்டிபயாடிக் வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும். செத்துப்போன பல்கூழுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து அங்கே எப்படிப் போகும்? கிருமியோட வீடு அப்படியே இருக்கும். பல்லைத் திறந்து சுத்தம் பண்ணணும், இல்லைன்னா எடுக்கணும். வேற வழி இல்லை. வலி மாத்திரையைப் பல் பக்கத்தில் ஈறில் அதக்கி வைக்கிற பழக்கமும் நம்ம பக்கம் உண்டு. ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சு வருவதுதான் மிச்சம்.

வேலை போயிடும், கூலி போயிடும்னு பல்வலியை மறைக்கிறது எங்க அம்மாவோட ஆரம்பிச்ச கதை இல்லை. நம்ம ஊரை வாழவெச்ச தீப்பெட்டித் தொழிலோட பழைய கதையே அதுதான். இதைத் தேடிப் படிச்சப்போ எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி மருந்தில் வெள்ளை பாஸ்பரஸ் சேர்த்தாங்க. எதில் உரசினாலும் பத்திக்கும், விலையும் குறைவு. அதோட ஆவியை வருஷக்கணக்கா சுவாசிச்ச தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு செத்து அழுக ஆரம்பிச்சது. வியன்னா டாக்டர் லோரின்சர் 1845-லேயே இதைப் பத்தி எழுதிட்டார். முதல் அறிகுறி என்ன தெரியுமா? சாதாரணப் பல்வலி. அப்புறம் பல்லை எடுத்த இடம் ஆறாது. சீழ் வடியும், நாத்தம் அடிக்கும், கடைசியில் தாடையையே வெட்டி எடுக்க வேண்டி வரும். ஏற்கெனவே சொத்தைப்பல் இருந்தவங்களுக்கு ஆபத்து அதிகம்னு அப்போதே கவனிச்சிருக்காங்க. அதனால் சில நாடுகளில் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்குப் பல் பரிசோதனையைச் சட்டமாகவே ஆக்கினாங்க.

லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் 1888 ஜூலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவங்க நிலைமையைப் பத்திரிகையில் எழுதி வெளியே கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். ஆமா, நம்ம பெசன்ட் நகர் பெசன்ட்தான். பின்னாளில் இந்தியா வந்து அடையாறிலேயே வாழ்ந்து 1933-ல் மறைந்தாரே, அவரே. அபராதம் பிடிக்கிறதை நிறுத்தணும்ங்கிறதோட, சாப்பிடத் தனி அறை வேணும்ங்கிறதும் அந்தப் பெண்களோட கோரிக்கை. பாஸ்பரஸ் படிஞ்ச மேஜையிலேயே சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. வேலைநிறுத்தம் ஜெயிச்சது. ஆனாலும் பாஸ்பரஸ் உடனே போயிடல. பத்து வருஷம் கழிச்சு, 1898-ல், 17 பேருக்குத் தாடை நோய் வந்ததை அரசுக்குத் தெரிவிக்காம மறைச்சதுக்காக அதே கம்பெனிக்கு அபராதம் போட்டாங்க.

1906-ல் பெர்ன் நகரில் பல நாடுகள் சேர்ந்து வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டுத் திரும்பி வந்து சிவகாசியில் தீப்பெட்டி ஆரம்பிச்சது 1923. பத்தே வருஷ இடைவெளி! அந்தச் சட்டம் மட்டும் தாமதமாகியிருந்தா, கட்டை அடுக்கின நம்ம பாட்டிமார்களில் எத்தனை பேருக்குத் தாடை இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இன்னைக்குக் குச்சி முனையில் இருப்பது முக்கியமா பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கவாட்டில் பூசுறது சிவப்பு பாஸ்பரஸ், அது அப்படி ஆவியாகிற விஷம் இல்லை. (அதுக்காகத் தீக்குச்சியால் பல் குத்தலாம்னு அர்த்தம் இல்லை. நம்ம ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் தீப்பெட்டி இருக்கு, சாப்பிட்டதும் கை தானா அங்கே போகுது. ஈறு கிழிஞ்சு இடைவெளி பெருசாகிறதுக்கு அதுவே போதும்.)

பழைய கதைன்னு விட்டுடவும் முடியாது. எலும்புத் தேய்மானத்துக்கும், எலும்புக்குப் பரவின புற்றுநோய்க்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து தர்றாங்க. வாரம் ஒரு மாத்திரையாகவோ, வருஷத்துக்கு ஒரு ஊசியாகவோ இருக்கலாம். நல்ல மருந்துதான், எலும்பு முறிவைத் தடுக்குது. ஆனா அதை எடுக்கிறவங்கள்ல சிலருக்குப் பல்லைப் பிடுங்கின இடம் ஆறாம தாடை எலும்பு வெளியே தெரியுதுன்னு 2003-ல் டாக்டர்கள் எழுத ஆரம்பிச்சாங்க. அந்த மருந்திலும் பாஸ்பரஸ் இருக்கு, பழைய தீப்பெட்டி நோயோட சாயலும் இருக்கு. உங்க வீட்டுப் பாட்டிக்கு இந்த மருந்து ஓடுதுன்னா நிறுத்தச் சொல்லாதீங்க. பல் டாக்டர்கிட்ட போகும்போது மருந்துச் சீட்டைக் கையோட கொண்டுபோங்க, அது போதும். பல் பிடுங்கி எட்டு வாரம் ஆகியும் எலும்பு தெரிஞ்சா அது சாதாரணப் புண் இல்லை.

சரி, நம்ம வயசுக்கு வருவோம். 17-லிருந்து 25-க்குள்ள ஞானப்பல் முளைக்கும். அது வர்றதுக்கும் ஞானத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு நம்ம ஹாஸ்டலைப் பார்த்தாலே தெரியும். தாடையில் இடம் இல்லாட்டி பாதிதான் வெளியே வரும். மேலே ஈறு ஒரு மூடி மாதிரி கிடக்கும், அதுக்கு அடியில் பரோட்டா துணுக்கு போய் உட்கார்ந்துக்கும். லேசா வலிச்சா வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் கொப்பளிச்சுப் பார்க்கலாம். விழுங்கும்போது வலி, வாயைத் திறக்க முடியாம போறது, காய்ச்சல், இதுல ஒண்ணு வந்தாலும் செமஸ்டர் முடியட்டும்னு உட்கார்ந்திருக்காதீங்க. எங்க அம்மா "சீசன் முடியட்டும்"னு சொன்னதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா? "பிரஷ் கொஞ்சம் கெட்டி"ன்னு நாமே சமாதானம் சொல்லிக்குவோம். நல்லா இருக்கிற ஈறு பிரஷ் பட்டு ரத்தம் விடாது. ரத்தம் வர்ற இடத்தில் தேய்க்கிறதை நிறுத்தினா அழுக்கு சேர்ந்து இன்னும் மோசமாகும், மெதுவா தேய்க்கணும். ஒரு வாரம் ஒழுங்கா தேய்ச்சும் ரத்தம் நிக்காட்டி போய்க் காட்டுங்க. ஈறு நோய் கடைசி வரைக்கும் வலிக்காது, பல் ஆட ஆரம்பிச்ச பிறகுதான் தெரியும். பெரியவங்களுக்குப் பல் ஆடுதுன்னா "வயசாச்சுல்ல" என்று விட்டுடுறோம். சர்க்கரை இருக்கான்னும் பாருங்க. சர்க்கரை அதிகமானா ஈறு கெடும், ஈறு கெட்டா சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது கஷ்டம்.

அடுத்து சொல்லப்போறதைச் சிலர் தாண்டிப் போயிடுவீங்க, தயவுசெஞ்சு போகாதீங்க. உதட்டுக்கு உள்ளே கூலிப், ஹான்ஸ் வைக்கிறவங்க நம்ம பஸ்ஸிலேயே இருக்காங்க. நான் புத்தி சொல்ல வரல. கண்ணாடி முன்னாடி நின்னு, அதை வைக்கிற இடத்தை இழுத்துப் பாருங்க. துடைச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரம் ஆகியும் ஆறாத புண் இருந்தா, வலி இருந்தாலும் இல்லாட்டியும் பல் டாக்டரைப் பார்க்கணும். வலிக்காத புண்ணுன்னா இன்னும் சீக்கிரம் போகணும். இன்னொரு சோதனை: நடு மூணு விரலை நெட்டுக்குத்தா சேர்த்து முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்க. முன்னாடி போய்க்கிட்டிருந்தது இப்போ போகல, காரம் பட்டாலே வாய் எரியுதுன்னா, பாக்கு போடுறவங்களுக்கு வர்ற வாய் இறுக்க நோயா இருக்கலாம். உள் கன்னம் நார் மாதிரி இறுகிப் போகும். புற்றுநோயா மாற வாய்ப்புள்ள நிலை அது.

கிரிக்கெட் பந்து பட்டுப் பல் முழுசா விழுந்துட்டா நேரம் நிமிஷக் கணக்குதான். வேரைத் தொடாம, பல்லின் வெள்ளைப் பக்கத்தைப் பிடிச்சு எடுங்க. மண் இருந்தா பால்லயோ தண்ணியிலயோ லேசா அலசிட்டு, முடிஞ்சா அதே குழியில் திரும்ப வைங்க. இல்லைன்னா பால்ல போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட போய்ச் சேருங்க. தேய்ச்சுக் கழுவி, டிஷ்யூவில் மடிச்சுக் கொண்டு போனா வேலைக்கு ஆகாது. இது நிரந்தரப் பல்லுக்கு. சின்னப் பிள்ளைகளோட பால்பல் விழுந்தா குழியில் திரும்ப வைக்கக் கூடாது.

எப்போ பல் கிளினிக்கைத் தேடாம நேரா பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகணும்? தாடைக்கு அடியில் ரெண்டு பக்கமும் வீங்கி கெட்டியாகிறது, நாக்கு மேலே தூக்குறது, எச்சில் விழுங்க முடியாம வடியுறது, பேச்சு குழறுறது, மூச்சு விடச் சிரமம். ஜெர்மன் டாக்டர் லுட்விக் 1836-ல் விவரிச்ச நோய் இது, இன்னைக்கும் அவர் பேர்தான். பெரும்பாலும் கீழ்க் கடவாய்ப் பல்லிலிருந்துதான் ஆரம்பிக்குது. மூச்சுக் குழாயையே அடைச்சிடும். காலையில் பார்த்துக்கலாம்னு தூங்க வைக்காதீங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. அம்மாவுக்கு ஒரு பக்கத்தோட நின்னது எங்க நல்ல நேரம்.

"மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும்" என்று எங்க பெரியம்மா இன்னும் சொல்றாங்க. கண் நரம்பு வேற, பல் நரம்பு வேற. வயசானவங்களுக்குப் பல் போற வயசும் கண் மங்குற வயசும் ஒண்ணா இருக்கிறதால வந்த பேச்சு அது. இதை விளக்கிச் சொன்னதுக்கு, "நீ என்ன டாக்டருக்கா படிக்கே?" என்று கேட்டாங்க.

ஆனா எங்க அம்மா போகாததுக்குக் காரணம் அந்த மாதிரி நம்பிக்கை இல்லை, கூலிதான். லீவு கிடைக்கிறது ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு அரசு ஆஸ்பத்திரியில் வழக்கமான ஓ.பி. இருக்காது. இ.எஸ்.ஐ கார்டு இருக்கிறவங்களுக்கு சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ மருத்துவமனை இருக்கு. டாக்டர் சான்றிதழ் கொடுத்து ஓய்வில் இருந்தா, சந்தா விதிகளுக்கு உட்பட்டு, கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனா பொதுவா முதல் ரெண்டு நாளுக்கு அது கிடையாது. ஒரு சொத்தைப்பல்லை அடைக்க ஆகிறதோ அரை நாள். ஆக, சீக்கிரமா போய்க் காட்டுறவங்களுக்குக் கூலி நஷ்டம், முத்தவிட்டு படுத்தா காசு. இந்த விதியை யார் இப்படி யோசிச்சாங்களோ தெரியல. ஆலைக்கே மாசம் ஒரு நாள் பல் டாக்டர் வந்துபோனா என்ன? நூறு வருஷத்துக்கு முன்னாடி வேற நாட்டுத் தீப்பெட்டி ஆலைகளில் நடந்ததுதானே. அது நடக்கிற வரைக்கும், சாயங்காலம் திறந்திருக்கிற தனியார் கிளினிக்குக்கு நாமதான் கூட்டிட்டுப் போகணும். அவங்களா கேட்டு வரமாட்டாங்க.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனப்போ அம்மாவை உட்கார வெச்சு, செல்போன் டார்ச் அடிச்சு வாயைப் பார்த்தேன். மேல் வரிசையில் இன்னொரு பல்லில் கறுப்பா ஒரு புள்ளி. "வலிக்குதாம்மா?" "இல்லய்யா." மறுநாள் சாயங்காலமே கூட்டிட்டுப் போய் அடைச்சாச்சு. இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு வாரமா பல் வலிச்சு இப்போ நின்னுடுச்சாம்னு அம்மாவே சொன்னாங்க. "நாளைக்கு அவளையும் கூட்டிட்டுப் போயிரு" என்றும் சொன்னாங்க.